டாங்கிள் உள்ளே, பென் டிரைவ் வெளியே: ஓர் அச்சகத்தில் நடந்தது

ராஜபாளையம் பக்கம் ஒரு சிறிய அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புத்தகம், இவைதான் அங்கே வேலை. பெரிய ஃபிளெக்ஸ் பேனர் என்றால் டிசைன் மட்டும் இங்கே செய்துவிட்டு, கோப்பைப் பென் டிரைவில் போட்டு ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்புவார்கள். பதினைந்து வருஷப் பத்திரிகைகள் அத்தனையும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக இருக்கின்றன, எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில். அக்காள் கல்யாணத்துக்கு அடித்த குடும்பம் தங்கை கல்யாணத்துக்கு வரும்போது பழைய கோப்பைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும், அதனால் அந்தக் கோப்புகள்தான் அந்தக் கடையின் முதல்.

ஆடி மாதம் பழைய கணினியின் மதர்போர்டு போய்விட்டது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்றாலும் ஆவணிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிப்பது ஆடியில்தான், எனவே கடைக்கு அது நெருக்கடியான நேரம். கடை முதலாளி அண்ணாச்சி எனக்குப் போன் செய்தபோது அவர் மகன் புதுக் கணினி வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டு முடித்திருந்தான். விண்டோஸ் வேண்டாம் என்பதல்ல காரணம். அவர்கள் தமிழ் தட்டச்சுக்கு வைத்திருக்கும் மென்பொருள் ஒரு டாங்கிளோடு வந்தது. யூஎஸ்பியில் செருகும் குட்டிச் சாதனம் அது, செருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும், கடையில் அதை 'லாக்' என்பார்கள். அந்த லாக்குக்கு 32 பிட் விண்டோஸ் டிரைவர் மட்டும்தான் கையில் இருக்கிறது. எந்தப் புது விண்டோஸ் போட்டாலும் லாக் வேலை செய்யப்போவதில்லை, அதனால் வெளியே லினக்ஸ், அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸில் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) 32 பிட் விண்டோஸ் 7 என்று முடிவு செய்தோம். தனியாக விலைக்கு வாங்கிய விண்டோஸ் டிவிடியும் சாவி எண்ணும் பீரோவில் பத்திரமாக இருந்தன.

இனி லினக்ஸ் ஓடும் நிஜக் கணினியை வெளிக் கணினி என்றும், விண்டோஸ் ஓடும் விர்ச்சுவல் மெஷினை உள் கணினி என்றும் சொல்கிறேன், படிக்கும்போது குழப்பம் இருக்காது.

முதல் நாள்: லாக் தெரியவே இல்லை

விண்டோஸ் ஏறியது, பேஜ்மேக்கர் ஏறியது, எழுத்துருக்கள் ஏறின. லாக்கைச் செருகினால் "தம்பி, லாக் இல்லேன்னு சொல்லுது" என்றார் அண்ணாச்சி. விர்ச்சுவல்பாக்ஸின் டிவைசஸ் மெனுவில் யூஎஸ்பி பட்டியலைத் திறந்தால் காலியாக இருக்கிறது, ஒரு சாதனம்கூட இல்லை. வெளிக் கணினியின் டெர்மினலில், செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்துப் பார்த்தால் லாக் அங்கே தெளிவாக இருக்கிறது. அதாவது வன்பொருளில் கோளாறு இல்லை, விர்ச்சுவல்பாக்ஸுக்கு அதைத் தொடும் உரிமை இல்லை.

லினக்ஸை வெளிக் கணினியாக வைத்திருக்கும் யாரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவும்போது 'விபாக்ஸ்யூசர்ஸ்' என்று ஒரு பயனர் குழு உருவாகும். உங்கள் பயனர் கணக்கு அந்தக் குழுவில் இல்லாவிட்டால் யூஎஸ்பி பட்டியல் காலியாகவே இருக்கும். குழுவில் சேர்ப்பது ஒரு வரி வேலை. ஆனால் சேர்த்த பிறகு முழுதாக லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வர வேண்டும். நான் டெர்மினலை மட்டும் மூடித் திறந்துவிட்டு, ஏன் இன்னும் வரவில்லை என்று அரை மணி நேரம் வேறு எங்கெங்கோ தேடினேன். குழு உரிமை நீங்கள் உள்ளே நுழையும்போது ஒட்டிக்கொள்வது, நடுவில் மாற்றினால் அந்த அமர்வுக்குத் தெரியாது.

அடுத்து கன்ட்ரோலர். அமைப்புகளில் யூஎஸ்பி 1.1, 2.0, 3.0 என்று மூன்று இருக்கும், இவை ஓஎச்சிஐ, ஈஎச்சிஐ, எக்ஸ்எச்சிஐ என்ற மூன்று கன்ட்ரோலர்கள். பெரிய எண்தானே நல்லது என்று 3.0 தேர்ந்தெடுத்தேன். உள்ளே போய் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் ஆச்சரியக்குறி. விண்டோஸ் 7 வெளிவந்த 2009-ல் யூஎஸ்பி 3.0-க்கான டிரைவர் அதற்குள் கிடையாது, விண்டோஸ் 8-இலிருந்துதான் அது கூடவே வருகிறது. தனியாக டிரைவர் போட்டும் சரிசெய்யலாம், ஆனால் ஒரு லாக்குக்கு அந்த வேகம் எதற்கு? உள் கணினியை முழுதாக நிறுத்திவிட்டு 2.0-க்கு மாற்றினேன், மஞ்சள் குறி போய்விட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த அமைப்பை மாற்ற முடியாது, 'சேவ்' செய்து தூங்க வைத்திருந்தாலும் முடியாது, முறையாக ஷட் டவுன் செய்திருக்க வேண்டும்.

கடை நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் 7.0, அதாவது 2022 அக்டோபரில் வந்த பதிப்புக்கு முன்புவரை 2.0, 3.0 கன்ட்ரோலர்கள் வேண்டுமென்றால் 'எக்ஸ்டென்ஷன் பேக்' என்ற தனிப் பொதி தேவைப்பட்டது. அடிப்படை மென்பொருள் திறமூலம், ஆனால் அந்தப் பொதி சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும்தான் இலவசம், வியாபார இடத்தில் போட உரிமம் வாங்க வேண்டும். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து இன்றும் பலர் அந்தப் பொதியைக் கடைக் கணினியில் போடுகிறார்கள். 7.0 முதல் இந்த இரண்டு கன்ட்ரோலர்களும் அடிப்படையிலேயே இருக்கின்றன, யூஎஸ்பிக்காக அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

கன்ட்ரோலரை மாற்றியதும் லாக் பட்டியலில் வந்தது. டிக் போட்டேன், உள்ளே டிரைவர் ஏறியது, தட்டச்சு மென்பொருள் திறந்தது. அண்ணாச்சி 'ஸ்ரீ' அடித்துப் பார்த்தார், அவருக்கு எப்போதும் முதல் சோதனை அதுதான்.

ஃபில்டர், அதில் நான் செய்த தவறு

தினமும் கணினியைப் போட்டதும் மெனுவுக்குப் போய் டிக் போடுவது அவருக்குச் சரிவராது. அதற்குத்தான் யூஎஸ்பி ஃபில்டர். ஒரு சாதனத்தின் தயாரிப்பாளர் எண், பொருள் எண், சீரியல் எண் போன்றவற்றைச் சொல்லி வைத்தால், பொருந்தும் சாதனம் செருகப்பட்டதும் உள் கணினி தானாக எடுத்துக்கொள்ளும். உள் கணினி கிளம்பும்போது ஏற்கெனவே செருகியிருக்கும் சாதனங்களையும் அது பார்க்கும், பொருந்தினால் அவற்றையும் எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டாவது வரிதான் பின்னால் எங்களைக் கடித்தது.

ஃபில்டரில் எந்தப் புலத்தைக் காலியாக விடுகிறோமோ அதில் எது இருந்தாலும் பொருந்தும். எல்லாப் புலமும் காலி என்றால் செருகுகிற எதற்கும் பொருந்தும், அப்படி ஒன்றை வைக்கவே வைக்காதீர்கள். லாக்குக்குத் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் கொடுத்து ஒரு ஃபில்டர் போட்டேன், அது சரி. அப்புறம் அண்ணாச்சி, "பென் டிரைவும் நேரா உள்ளேயே வந்துட்டா நல்லாருக்கும் தம்பி" என்றார். அவரிடம் ஒரே மாதிரியான மூன்று பென் டிரைவ்கள் இருந்தன. மூன்றுக்கும் தனித்தனியாகப் போடாமல், ஒன்றின் ஃபில்டரில் சீரியல் எண்ணை மட்டும் அழித்துவிட்டேன். மூன்றும் பொருந்தின. கடைகளில் சாதாரணமாக விற்கிற மாடல் அது, ஊரில் இன்னும் எத்தனையோ பேர் சட்டைப்பையில் அதே மாடல் இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

புகைப்படங்கள் காணாமல் போன நாள்

இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு காலையில் பெண் வீட்டுக்காரர் ஒருவர் பென் டிரைவ் கொண்டுவந்தார். அதில் பத்திரிகைக்கும் பேனருக்குமான குடும்பப் புகைப்படங்கள், 118. வேறு நகல் இல்லை, போன் மாற்றும்போது எல்லாவற்றையும் இதில் போட்டுவிட்டுப் பழைய போனை விற்றுவிட்டார். அந்த நேரம் உள் கணினி ஓடவில்லை, எனவே பென் டிரைவ் வெளிக் கணினியில் திறந்தது. மகன் அதில் மாப்பிள்ளை வீட்டுக்கென்று ஒரு கோப்புறை உருவாக்கிப் புகைப்படங்களை அதற்குள் நகர்த்தினான், கூடவே ஃபிளெக்ஸ் கடைக்குப் போக வேண்டிய பெரிய டிஃப் படக் கோப்பையும் அதே பென் டிரைவுக்குக் காப்பி போட்டான். நகல் பட்டை கடைசிவரை ஓடி மறைந்தது. பென் டிரைவின் குட்டி விளக்கு மட்டும் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வந்து உட்கார்ந்து உள் கணினியைக் கிளப்பினார்.

பென் டிரைவ் ஃபில்டருக்குப் பொருந்தியது. விர்ச்சுவல்பாக்ஸ் அதை வெளிக் கணினியிடமிருந்து எடுத்து உள்ளே கொடுத்தது. லினக்ஸைப் பொறுத்தவரை, எழுதிக்கொண்டிருக்கும்போதே யாரோ பென் டிரைவைப் பிடுங்கியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. உள்ளே விண்டோஸ் "இந்த டிரைவில் சிக்கல் இருக்கிறது, சரிசெய்யவா" என்று கேட்க, அவர் சரி என்று அழுத்திவிட்டார். கோப்புறை காலி.

நான் போனபோது கடையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அந்தப் பெண் வீட்டுக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

முதல் வேலையாகப் பென் டிரைவை வெளிக் கணினியில் மவுண்ட் செய்யாமலே, அதாவது கோப்புறையாகத் திறக்க விடாமலே செருகி, டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையால் 16 ஜிபியையும் அப்படியே ஒரு பிம்பமாக வன்வட்டில் எடுத்தேன். கெட்டுப்போன சாதனத்தில் நேரடியாக எதையும் முயற்சி செய்யக் கூடாது, நீங்கள் செய்கிற ஒவ்வொரு முயற்சியும் அதில் எழுதும். உண்மையில் விண்டோஸின் அந்தக் கேள்விக்கும் சரி சொல்லியிருக்கக் கூடாது, இந்த முறை அது நல்லதாக முடிந்தது, எப்போதும் அப்படி முடியாது.

என்ன நடந்திருந்தது என்றால், அந்தப் பென் டிரைவில் இருந்த ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் கோப்புறை என்பது ஒரு பெயர்ப் பட்டியல்தான். இன்ன பெயர், அது இன்ன கட்டத்தில் தொடங்குகிறது என்று மட்டும் அதில் இருக்கும். அங்கிருந்து அடுத்தடுத்த கட்டம் எது என்ற சங்கிலி ஃபேட் அட்டவணையில் தனியாக இருக்கிறது. ஒரே பென் டிரைவுக்குள் கோப்பை நகர்த்தினால் புகைப்படம் அசையவே அசையாது, பழைய பட்டியலில் பெயர் அடிபட்டு, புதுப் பட்டியலில் ஏறும். லினக்ஸ் இந்த மாற்றங்களை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு மெதுவாகப் பென் டிரைவில் எழுதும், நகல் பட்டை முடிந்துவிட்டது என்றால் நினைவகத்துக்குப் போய்விட்டது என்றுதான் அர்த்தம். முன்னால் பெரிய டிஃப் கோப்பு வரிசையில் நிற்க, பழைய பட்டியலிலிருந்து பெயர்களை அடித்தது எழுதப்பட்டுவிட்டது, புதுப் பட்டியலில் ஏற்றியது எழுதப்படவில்லை. படங்கள் இருக்கின்றன, சங்கிலி இருக்கிறது, பெயர் மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

விண்டோஸின் சரிபார்ப்புக் கருவி இப்படிப் பெயரில்லாமல் நிற்கும் சங்கிலிகளைக் கண்டால் 'ஃபவுண்ட்.000' என்ற மறைந்த கோப்புறையில் சிஎச்கே என்று முடியும் வரிசை எண் கோப்புகளாகப் போட்டு வைக்கும். லினக்ஸில் அந்தக் கோப்புறை மறைவில்லாமலே தெரிந்தது. உள்ளே 119 கோப்புகள். முதல் கோப்பின் கடைசி எழுத்துகளை ஜேபிஜி என்று மாற்றினேன். ஒரு பாட்டி, மஞ்சள் பட்டுப் புடவை, பின்னால் கோவில் மண்டபத் தூண். பெண் வீட்டுக்காரர் எழுந்து வந்து திரையைத் தொட்டார், "எங்கம்மா" என்றார்.

118 படங்களும் வந்தன, மிச்சம் ஒன்று பாதி எழுதப்பட்ட டிஃப். கோப்புப் பெயர்கள் போய்விட்டன, ஆனால் எடுத்த தேதி ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிந்திருக்கும், அதை வைத்து வரிசைப்படுத்திக் கொடுத்தேன். சங்கிலியும் சிதைந்திருந்தால் பிம்பத்தின் மேல் ஃபோட்டோரெக் ஓட்டியிருப்பேன், அது பட்டியலையே பார்க்காமல் தரவுக்குள் படத்தின் தொடக்க அடையாளத்தைத் தேடி எடுக்கும் கருவி. துண்டு துண்டாகச் சிதறிய படங்கள் அதில் முழுதாக வருவது கஷ்டம்.

தவறு என்னுடைய ஃபில்டரில். அதை அங்கேயே அவர்களிடம் சொன்னேன்.

பிறகு மாற்றியது

ஒரு யூஎஸ்பி சாதனம் ஒரு நேரத்தில் ஒரு கணினிக்குத்தான். லாக்குக்கு அது பொருத்தம், வெளிக் கணினிக்கு லாக்கால் எந்த உபயோகமும் இல்லை. பென் டிரைவை இரண்டு பக்கமும் கேட்கிறது, அதை எப்போதும் வெளிக் கணினியிடமே விட்டுவிட்டு, கோப்பை மட்டும் உள்ளே அனுப்ப வேண்டும். பென் டிரைவ் ஃபில்டரை அழித்தேன். கோப்புப் போக்குவரத்துக்குப் பகிர்வுக் கோப்புறை, அதாவது ஷேர்டு ஃபோல்டர்.

இதற்கு உள் கணினியில் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற விர்ச்சுவல்பாக்ஸின் துணைப் பொதியை நிறுவியிருக்க வேண்டும் (யூஎஸ்பி சாதனத்தை உள்ளே கொடுக்க அது தேவையில்லை, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்). எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், பகிர்வுக் கோப்புறைக்கு நெட்வொர்க் தேவையில்லை. விண்டோஸில் பார்த்தால் நெட்வொர்க் டிரைவ் மாதிரி தோன்றும், ஆனால் கெஸ்ட் அடிஷன்ஸ் நேரடியாக விர்ச்சுவல்பாக்ஸோடு பேசித்தான் அது நடக்கிறது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்களை 2020 ஜனவரி 14-ஓடு நிறுத்திவிட்டது. அதனால் உள் கணினியின் நெட்வொர்க் அடாப்டரையே நீக்கிவிட்டேன், இணையம் துளிகூட உள்ளே போகாது, ஆனாலும் கோப்புகள் போய் வருகின்றன.

இரண்டு கோப்புறைகள் வைத்தேன். உள்ளே போகும் கோப்புகளுக்கு ஒன்று, அது ரீட் ஒன்லி, உள் கணினியால் படிக்க மட்டும் முடியும். வெளியே வரும் பிடிஎஃப்புக்கு ஒன்று, அதில் எழுதலாம். வீட்டுக் கோப்புறை முழுவதையும் எழுதும் உரிமையோடு பகிர்ந்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஒன்று உள்ளே நுழைந்தால் பகிர்ந்த கோப்புறை வழியாக வெளியில் இருப்பதையும் பூட்டிவிடும், அப்புறம் தனியாக ஒரு கணினியை உள்ளே வைத்துப் பிரயோஜனம் இல்லை.

வாடிக்கையாளரின் பென் டிரைவ் வெளியே லினக்ஸில் திறப்பதில் இன்னொரு லாபமும் இருந்தது. ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் என்று சுற்றிவரும் பென் டிரைவ்களில் எல்லாக் கோப்புறையும் ஷார்ட்கட்டாக மாறும் அந்த வைரஸ் தெரியும் அல்லவா? அது நிஜக் கோப்புறையை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டை வைக்கிறது. ஃபேட்டின் மறைப்புக் குறியை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை, நிஜக் கோப்புறையும் பக்கத்தில் அந்த ஷார்ட்கட்டும் பளிச்சென்று தெரியும். படத்தையும் பிடிஎஃப்பையும் மட்டும் எடுத்து உள்ளே போகும் கோப்புறையில் போடு, வேறெதையும் தொடாதே என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

சில்லறைச் சிக்கல்கள் மூன்று வந்தன. முதலில் கோப்புறைக்கு ஆசையாகத் தமிழில் பெயர் வைத்தேன். விண்டோஸ் எக்ஸ்புளோரரில் அழகாகத் தெரிந்தது, பேஜ்மேக்கரில் திறந்தால் வெறும் கேள்விக்குறிகள். யூனிகோடு தெரியாத காலத்து மென்பொருள், அந்த மாதிரி மென்பொருள்கள் நம்பியிருக்கும் பழைய எழுத்து அட்டவணையும் (கோட் பேஜ்) விண்டோஸில் தமிழுக்குக் கிடையாது. பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றியதும் சரியாயிற்று. இரண்டாவது, பழைய மென்பொருள்கள் நெட்வொர்க் பாதையைப் பார்த்தால் தடுமாறும், ஆட்டோ மவுண்ட் போட்டு டிரைவ் எழுத்து கொடுத்துவிட்டால் போதும், எங்களுக்கு இசட்டும் ஒய்யும். மூன்றாவது, வேலை நடக்கும் கோப்பைப் பகிர்வுக் கோப்புறையிலேயே திறந்து வைத்திருக்காதீர்கள். கோப்புப் பூட்டு அங்கே நம்பும்படி இருக்காது, டேலி மாதிரி டேட்டாபேஸ் வைத்து ஓடும் எதையும் அதில் வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் டிஸ்க்கில் வேலை செய்து, முடிந்ததும் வெளியே தள்ளுங்கள். உள் கணினியின் அந்த நேரத்து நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்து வைத்தாலும் பகிர்வுக் கோப்புறை அதில் அடங்காது, அதற்குக் காப்புப் பிரதி தனியாக எடுக்க வேண்டும்.

உள்ளே இருப்பதும் லினக்ஸ் என்றால், பகிர்வுக் கோப்புறை மீடியாவுக்குக் கீழே எஸ்எஃப் என்று தொடங்கும் பெயரில் வரும், 'அனுமதி இல்லை' என்று முகத்தில் அடிக்கும். உள்ளே இருக்கும் பயனரை 'விபாக்ஸ்எஸ்எஃப்' குழுவில் சேர்த்து மறுபடி லாகின் செய்ய வேண்டும். வெளியே ஒரு குழு, உள்ளே ஒரு குழு, பெயர் ஏறக்குறைய ஒன்று, அதனால்தான் மாற்றிச் சேர்த்துவிடுகிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதில் லினக்ஸின் கேவிஎம் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை விர்ட்டியோ எஃப்எஸ் செய்கிறது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வைத்திருந்தால் யூஎஸ்பிக்கு யூஎஸ்பிஐபிடி என்ற கருவி இருக்கிறது. எதை வைத்தாலும், உள்ளே எடுத்த சாதனம் வெளியே இருக்காது என்பது மட்டும் மாறாது.

வெளிக் கணினியின் திரைக்குக் கீழே அண்ணாச்சி ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டியிருக்கிறார், அவர் அச்சகத்தில் அடித்ததே: "அம்புக்குறி அழுத்து, விளக்கு நிக்கட்டும், பிறகு எடு." கோப்பு மேலாளரில் பென் டிரைவ் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வெளியேற்றும் அம்புக்குறிதான் அது. அதை அழுத்தும்போது லினக்ஸ் நினைவகத்தில் மிச்சம் இருப்பதை எல்லாம் எழுதி முடித்துவிட்டுத்தான் விடும்.

லாக் இப்போது சிபியூவின் பின்பக்கம் செருகியே இருக்கிறது, யாரும் கழற்றக் கூடாது என்று சுற்றி டேப் போட்டிருக்கிறார்கள். அது ஒன்று போனால் தட்டச்சு மென்பொருள் திறக்காது, பதினைந்து வருஷக் கோப்புகளிலும் தமிழில் எதையும் மாற்ற முடியாது என்ற பயம் எனக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகனும் நானும் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு பிடிஎஃப்பும் யூனிகோடுக்கு மாற்றிய உரையும் எடுத்து ஒய் டிரைவ் வழியாக வெளியே அனுப்புகிறோம். 2009-ஆம் வருஷக் கோப்புறை முடிந்துவிட்டது, அடுத்த வாரம் 2010.